தோளில் கிடந்த ஜெர்சி

பத்து ஜெர்சியைக் கொடுத்துவிடுவார். பதினோராவது அவர் தோளிலேயே கிடக்கும்.

ரெஃப்ரி மைதானத்தின் நடுவில் போய் நின்று, வாட்சைப் பார்த்து, எங்கள் பக்கம் திரும்பி, "பாய், ஆள அனுப்புறீங்களா, பத்து பேரோட ஆடிக்கிறீங்களா?" என்று கேட்கிற வரைக்கும் அந்த ஜெர்சி இறங்காது. பெரும்பாலும் அது லெஃப்ட் பேக், அதாவது இடது ஓரத்தில் தடுத்து ஆடுகிறவனுக்கு உரியது. அந்த இடத்துக்கு நாங்கள் இரண்டு பேர், நானும் தினேஷும். ஷின் கார்டு கட்டி, பூட்ஸ் லேசை இறுக்கி, பனியனோடு அவர் எதிரில் நிற்போம். மீன் வாங்க வந்தவர் செவுளைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பது போல எங்களை மாறி மாறிப் பார்ப்பார். கடைசியில் யாராவது ஒருவன் கையில் திணிப்பார். திணித்த கையோடு மற்றவன் முகத்தைப் பார்த்து, "தப்புப் பண்ணிட்டனோ" என்பார், ஆடப் போகிறவன் காதிலும் விழுகிற மாதிரி.

அவர்தான் எங்கள் மேனேஜர். கோச்சும் அவர்தான், பந்துக்குக் காற்றடிப்பவரும் அவர்தான். மேற்கு தாம்பரத்தில் ஒரு சந்துக்குள் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். சின்ன வயதில் நன்றாக ஆடியவர் என்று சொல்வார்கள். அவரைக் கேட்டால், "ஆடுனேன், நல்லா ஆடுனனான்னு தெரியல" என்பார். எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிட்டோம். வேறு பேர் தேவைப்படவில்லை.

எங்கள் கிளப் செம்பாக்கம் ஏரிக்கரையில் உருவானது. மாவட்ட லீக்கில் கடைசிக்கு முந்தின டிவிஷன். அந்த டிவிஷனில் கடைசிக்கு முந்தின இடம். "நம்ம எடத்த எவனும் புடுங்க மாட்டான்டா" என்பான் கார்த்தி. அவன் எங்கள் கோல்கீப்பர், கேப்டனும்கூட. பகலில் கூரியர் வண்டி ஓட்டுவான். ஜோக் அடிக்காமல் ஒரு கோல்கூட வாங்க மாட்டான்.

பாய் எல்லாவற்றையும் எல்லாரிடமும் கேட்பார். நான் சேர்ந்த முதல் நாள், "எங்க ஆடுவ?" என்றார். காலேஜ் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். பணிவாகத் தெரியட்டும் என்று, "எங்க விட்டாலும் ஆடுவேன் பாய்" என்றேன். அந்தப் பதிலை அவர் வேதவாக்காக எடுத்துக்கொண்டார். மூன்று வாரத்தில் கோல் போஸ்ட்டைத் தவிர மைதானத்தின் எல்லா இடத்திலும் நின்றுவிட்டேன். நாலாவது வாரம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எனக்கு ஒண்ணும் புரியல. நீயே சொல்லு, எங்க இருந்தப்ப உனக்கு பயமா இல்ல?" என்றார். யோசித்து, லெஃப்ட் பேக் என்றேன். "அப்ப அதுதான்" என்றவர், அடுத்த மேட்சில் அந்த இடத்தில் தினேஷை இறக்கினார்.

மேடவாக்கத்து டீமோடு ஆடிய மேட்சை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். தினேஷை மாற்றி என்னை இறக்குவதாக லைன்ஸ்மேனிடம் சொல்லிவிட்டார். நான் கோட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். பந்து வெளியே போனதும் லைன்ஸ்மேன் கொடியைத் தூக்கினார். "ஒரு நிமிஷம் சார்" என்று பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆட்டம் தொடர்ந்தது. மறுபடி பந்து வெளியே போயிற்று. மறுபடி கொடி. தினேஷ் தானாகவே கோட்டுக்கு நடந்து வந்து, "பாய், வரட்டுமா, போட்டுமா? பேஜாரா கீது" என்றான். ரெஃப்ரி ஓடி வந்தார். ஓய்வு பெற்ற போலீஸ்காரர் அவர். "பாய், இது ஃபுட்பால் மேட்ச். பொண்ணு பாக்கற எடம் இல்ல" என்றார். எதிர் டீம் ஆட்கள் கைதட்டினார்கள். கடைசி வரை நான் இறங்கவில்லை. வீட்டுக்குப் போகும்போது பாய் தன் பைக்கில் என்னை ஏற்றிக்கொண்டு, காமராஜபுரம் வரைக்கும், உன்னை இறக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். 

ஆனால் அந்த மனுஷனைக் கடையில் பார்க்கவேண்டும். எங்கள் வீட்டு பீரோ கண்ணாடி உடைந்தபோது அம்மாவோடு போயிருந்தேன். அளவை ஒருமுறை கேட்டார். பெரிய தகட்டைப் பலகைமேல் சாய்த்தார், ஸ்கேலை வைத்தார், கட்டரை ஒரே இழுப்பு இழுத்தார். ஓரத்தில் லேசாக ஒரு தட்டு. நூல் பிசகாமல் பிரிந்து வந்தது. எல்லாம் அம்மா சேலைத் தலைப்பை எடுத்து முகம் துடைக்கிற நேரத்துக்குள்.

"இங்க மட்டும் எப்படி பாய் யோசிக்காம வெட்டுறீங்க?" என்று கேட்டேன்.

"கண்ணாடிக்கு மூடு கிடையாதுப்பா" என்றார். "நேத்து இருந்த கண்ணாடிதான் இன்னைக்கும். நீ நேத்து இருந்த மாதிரியா இன்னைக்கு இருக்க?"

அம்மாவுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. எனக்கு அந்தப் பதில் ஒரு சமாளிப்பாகத்தான் பட்டது.

அப்புறம் எல்லாமே மாறத் தொடங்கியது. ஏரியைச் சுற்றி நடைபாதை போடுவதற்காக வேலி வந்தது. நாங்கள் ஆடிய இடம் வேலிக்கு உள்ளே போய்விட்டது. இரண்டு மாதம் மைதானமே இல்லாமல், ரோட்டோரம் ஓடி, மொட்டை மாடியில் குதித்துக் காலம் தள்ளினோம். அந்த நேரத்தில்தான் பெருங்களத்தூரில் புதிதாக எழும்பிய அடுக்குமாடிக் குடியிருப்புக்காரர்கள் கிளப்பை எடுத்து நடத்துவதாகச் சொன்னார்கள். அவர்கள் இடத்துக்குப் பின்னால் ஒரு மைதானம் கிடைத்தது. புது ஜெர்சி, புது பந்து, கிளப் பேருக்கு முன்னால் அவர்களுடைய பேர். கமிட்டி என்று ஒன்று வந்தது. அதற்கு ஒரு செகரட்டரி. சிறுசேரியில் ஐ.டி. வேலை பார்க்கிற, முப்பது வயதுகூட ஆகாத மனிதர். நல்ல மாதிரிதான். மேட்சுகளை வீடியோ எடுத்து, யார் எவ்வளவு தூரம் ஓடினான் என்று படம் போட்டு குரூப்பில் அனுப்புவார். "பாய், உங்க கேம் பிளான் என்ன? ஒரே லைன்ல சொல்லுங்க" என்று கேட்டார். பாய் ரொம்ப நேரம் யோசித்து, "பசங்கள கேட்டுச் சொல்றேன் சார்" என்றார்.

புது வசதி வந்த பிறகு நாங்கள் ஜெயிக்கவேண்டியதுதானே? தொடர்ந்து நாலு மேட்ச் தோற்றோம். கடைசிக்கு முந்தின இடத்திலிருந்து கடைசி இடத்துக்கு வந்தோம். அப்படியே நின்றால் அடுத்த வருடம் கீழ் டிவிஷன்.

நாலாவது மேட்ச் தோற்ற அன்று பஸ் ஸ்டாப் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். பாய் கடைக்குப் போய்விட்டார்.

"இன்னாடா இது, மேட்ச் ஆரம்பிக்கற வரைக்கும் எவன் ஆடப்போறான்னே தெரிய மாட்டேங்குது" என்றான் ஒருவன்.

"கமிட்டிக்கு ஒரு லெட்டர் போடலாம்" என்றான் கார்த்தி. என்னைப் பார்த்தான். "மச்சான், நீதான் படிச்சவன். இங்கிலீஷ்ல போடு. அப்பதான் அந்த சாருக்கு ஒறைக்கும்."

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அப்பா தண்ணி லாரி ஓட்டுகிறார். கரண்ட் ஆபீஸ் கடிதம், பாங்க்கிலிருந்து வருகிற தாள், பக்கத்து வீட்டு அக்காவின் ஆஸ்பத்திரி ரிப்போர்ட், எல்லாம் என் கைக்குத்தான் வரும். எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன். அது எனக்கு ஒரு கௌரவம். அன்றைக்கு எழுதியதில் கௌரவம் மட்டும் இல்லை. கோட்டுக்குப் பக்கத்தில் கை பிடித்து நிறுத்தி வைக்கப்பட்ட கோபமும் இருந்தது. மேனேஜருக்கு முடிவெடுக்கிற திறன் இல்லை என்று எழுதினேன். விளையாட்டு தெரியாததால்தான் விளையாடுகிறவர்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று எழுதினேன். அவரை மாற்றினால் கிளப் பிழைக்கும் என்று முடித்தேன். பதினாலு பேர் கையெழுத்துப் போட்டார்கள். தினேஷ் போடவில்லை. "எனக்கு இங்கிலீஷ் தெரியாது, தெரியாததுல கையெழுத்துப் போட மாட்டேன்" என்றான்.

ஒரு வாரம் கழித்து பாய் போன் செய்தார். "தம்பி, கடைக்கு வர்றியா? கமிட்டியிலேருந்து ஏதோ தாள் வந்திருக்கு. படிச்சுச் சொல்லணும்."

போகாமல் இருந்திருக்கலாம். காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம். போனேன்.

மத்தியான நேரம். ஸ்டூலைத் தட்டிப் போட்டார். டீ சொன்னார். கவரிலிருந்து இரண்டு தாளை எடுத்து நீட்டினார். முதல் தாள் கமிட்டியின் கடிதம். இரண்டாவது, என்னுடையது. நகல் எடுத்து இணைத்திருந்தார்கள். எதிரே சுவரில் சாத்தி வைத்திருந்த கண்ணாடிகளில் நான் ஐந்தாறு பேராகத் தெரிந்தேன்.

கமிட்டி கடிதத்தைத் தமிழில் சொன்னேன். கடைசி மேட்சில் தோற்றுக் கிளப் கீழே இறங்கினால் லைசென்ஸ் வாங்கிய புது கோச்சைப் போடுவார்கள். பாய் பொறுப்பை ஒப்படைத்துவிடவேண்டும். இணைத்திருக்கிற புகாருக்கு மூன்று நாளில் பதில் தரவேண்டும்.

"சரி. புகார் என்னன்னு படி."

"பசங்களுக்குக் கொஞ்சம் வருத்தமாம் பாய். டீம முன்னாடியே சொன்னா நல்லதுன்னு..."

அவர் தாளை எட்டிப் பார்த்தார். "இவ்ளோ நீளமா கீது. நீ சொல்றது இத்துனூண்டா இருக்கே."

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. வரி வரியாகத் தமிழில் சொன்னேன். முடிவெடுக்கும் திறன் இல்லை என்ற இடத்தில் தலையாட்டினார். விளையாட்டு தெரியாதவர் என்ற இடத்தில் டீ கிளாஸைக் கீழே வைத்தார். நான் படித்து முடித்தேன். தாளை மடித்தேன்.

"நான்தான் பாய் எழுதுனேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் நிஜமான ஆச்சரியம்.

"நீயா? நீ படிக்கறப்ப நான் மூணு பேரு மேல சந்தேகப்பட்டுக்கினு இருந்தேன். உன்மேல இல்ல." மடித்த தாளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "பாரு, அதுலயும் தப்பாத்தான் செலக்ட் பண்ணியிருக்கேன்."

சிரிப்பதா என்று தெரியாமல் குனிந்துகொண்டேன். கமிட்டிக்கு எழுதி வாபஸ் வாங்கிவிடுகிறேன் என்றேன்.

"வேணாம். பதினாலு பேரு கையெழுத்து இருக்கு. நீ ஒருத்தன் அழிச்சா மீதிப் பேருக்கு இன்னா மரியாதை?" என்றார். பிறகு, "முடிவெடுக்கத் தெரியாதுன்னு போட்டுருக்க. அது நெஜம். வீட்லயே சொல்லுவாங்க. ஆனா ஆட்டம் தெரியாம கேக்கறேன்னு போட்டுருக்க பாரு, அது தப்பு. நான் வெளிய நிக்கறவன். உன் கால்ல வலி கீதா, மனசுல பயம் கீதா, எனக்கு எப்படித் தெரியும்? உள்ள இருக்கறவன்தான சொல்லணும். அதான் கேக்கறேன்."

பதில் எழுதச் சொன்னார். புகாரில் உள்ளது பாதி சரி, கடைசி மேட்ச் வரை விடுங்கள், அதற்குப் பிறகு உங்கள் இஷ்டம். இவ்வளவுதான் விஷயம். இதற்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. 'தயவுசெய்து' போடச் சொன்னார், எடுக்கச் சொன்னார். பாதி சரி என்பதை முக்கால்வாசி என்று மாற்றினார். நடுவில் வந்த வாடிக்கையாளருக்கு ஜன்னல் கண்ணாடி நாலு வெட்டிக் கொடுத்துவிட்டு வந்து, "பாதின்னே இருக்கட்டும்" என்றார்.

கடைசி மேட்ச் வண்டலூர் தாண்டி ஒரு காலேஜ் மைதானத்தில். எங்களுக்கு டிரா ஆனால் போதும். டிவிஷனும் தப்பும், பாயும் தப்பிப்பார். தோற்றால் இரண்டும் போகும். இது எல்லாருக்கும் தெரியும். கையெழுத்துப் போட்ட பதினாலு பேரும் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்திருந்தார்கள். யாரும் அந்தக் கடிதத்தைப் பற்றிப் பேசவில்லை.

அன்றைக்கு ஜெர்சி எனக்கு வந்தது. ரெஃப்ரி இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான்.

இருபது நிமிடத்திலேயே ஒரு கோல் போட்டோம். கார்னரில் வந்த பந்து எங்கள் சென்டர் பேக்கின் தோளில் பட்டு உள்ளே போயிற்று. அவன் தலையால் முட்டியதாகவே இன்றைக்கும் சொல்கிறான். ஆஃப் டைமுக்கு முன்னால் ஒரு பந்தைத் துரத்தினபோது என் தொடையின் பின்பக்கம் சுளீரென்று இழுத்தது. நொண்டாமல் நடக்கப் பழகிக்கொண்டேன்.

ஆஃப் டைமில் பாய் தண்ணீர் பாட்டிலோடு ஒவ்வொருவனாகப் போய்க் கேட்டார். என்னிடம் வந்தார். "கால் எப்படி இருக்கு?"

"நல்லா கீது பாய்."

எப்படி வெளியே வருவேன்? என் காலேஜ் சிநேகிதர்கள் இரண்டு பேர் பார்க்க வந்திருந்தார்கள். அதைவிட, அவருக்கு நான் செய்ததை அந்த ஒரு மேட்சில் ஆடித் தீர்த்துவிடவேண்டும் என்று இருந்தது.

இரண்டாவது பாதியில் எதிர் டீமின் ரைட் விங்கர் என் பக்கமாகவே வர ஆரம்பித்தான். என் கால் போனது அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஒருமுறை என்னைத் தாண்டிப் போனான். இரண்டாம் முறை போய் க்ராஸ் அடித்தான், கோல் ஆயிற்று. ஒன்றுக்கு ஒன்று. கார்த்தி பந்தை எடுத்துக்கொண்டே, "மச்சான், ரோட்ல டோல் கேட் எடுத்துட்டாங்களா? அவன் பாட்டுக்குப் போறான்" என்றான். அவன் குரலில் ஜோக் இல்லை. எதிர் டீம் கோச் மைதானம் அதிர, "அந்தப் பக்கமே போ, அந்தப் பக்கமே போ" என்று கத்திக்கொண்டிருந்தார்.

இன்னும் கால் மணி நேரம் இருந்தது. பந்து வெளியே போனபோது பாய் கோட்டை ஒட்டி ஓடி வந்தார். கத்தவில்லை. என்னருகில் வந்து, மெதுவாக, "வச்சுக்கட்டுமா, மாத்தட்டுமா?" என்று கேட்டார்.

எதைப் பற்றி நான் முழுப் பக்கம் எழுதினேனோ, அதே கேள்வி. ஆட்டத்தின் நடுவில், ஆடுகிறவனிடமே. அவர் முகத்தில் பதில் இல்லை. என் தொடையில் இருந்தது. வேறு எந்த மேனேஜர் கேட்டிருந்தாலும் 'ஆடுறேன்' என்றுதான் சொல்லியிருப்பேன். வேறு எவரும் கேட்டிருக்கவும் மாட்டார்.

"மாத்துங்க பாய். ஆஃப் டைமுக்கு முன்னாடியே கால் போச்சு. பொய் சொன்னேன்."

"சரி" என்றார். லைன்ஸ்மேன் பக்கம் திரும்பினார். ஒருமுறைகூட நிற்கவில்லை. தினேஷ் உள்ளே ஓடினான்.

பெஞ்சில் உட்கார்ந்து ஐஸ் கட்டியபடி அந்தக் கால் மணி நேரத்தைப் பார்த்தேன். விங்கர் நாலு முறை வந்தான். நாலு முறையும் தினேஷ் குறுக்கே நின்றான். கடைசியாக வந்த பந்து கார்த்தியையும் தாண்டிக் கோல் கோட்டை நோக்கி உருண்டது. தினேஷ் சறுக்கி விழுந்து காலால் தட்டி வெளியே தள்ளினான். விசில் ஊதியபோது பாய் லைன்ஸ்மேனிடம் போய், "முடிஞ்சிடுச்சா சார்? நெஜமா?" என்று விசாரித்துவிட்டுத்தான் எங்கள் பக்கம் வந்தார்.

வேனில் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது செகரட்டரியின் போன் வந்தது. பாய் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"கங்கிராட்ஸ் பாய். கமிட்டிக்கு ஓகே, நீங்க இன்னொரு வருஷம் பண்ணலாம். ஆனா பிளேயர்ஸ் லெட்டர் ஒண்ணு பெண்டிங்ல இருக்கே?"

கார்த்தி எட்டி, போனுக்கு அருகில் வாயைக் கொண்டுபோனான். "சார், கேப்டன் பேசறேன். அந்த லெட்டர் வாபஸ். பதினாலு பேரும் இங்கதான் நிக்கறோம்."

"குட். அப்ப பாய், யெஸ் ஆர் நோ, இப்பவே சொல்லுங்க. இன்னைக்கே ஃபார்ம் அனுப்பணும்."

பாய் எங்களைப் பார்த்தார். இந்தப் பதிலை அவரே சொல்லட்டும் என்று யாரும் ஒருவருக்கொருவர் சொல்லி வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் கார்த்தி கிளவுஸைக் கழற்றத் தொடங்கினான். தினேஷ் குனிந்து சாக்ஸை இறக்கினான். நான் தொடையில் இருந்த ஐஸ் பையைச் சரி செய்தேன். பதினெட்டு பேரில் ஒருவன்கூட அவர் கண்ணைப் பார்க்கவில்லை. போனில் செகரட்டரி, "ஹலோ" என்றார். இரண்டாவது ஹலோவும் சொன்னார்.

"இருக்கேன் சார்" என்றார் பாய்.

நாலைந்து வருடம் ஆகிவிட்டது. பாயின் கையில் அடுத்த வருடம் ஆறாவது இடம், அதற்கடுத்த வருடம் நாலாவது. நான் சிறுசேரியில் ஷிப்ட் வேலையில் மாட்டிக்கொண்டு ஆடுவதை விட்டுவிட்டேன். அந்த மேட்சுக்கு அடுத்த ஞாயிறு மட்டும், நொண்டிக்கொண்டே போயிருந்தேன். ப்ராக்டிஸ் ஆறரைக்கு. ஆறு மணிக்கே எல்லாரும் வந்துவிட்டார்கள். பாய் எங்களுக்கும் முன்னால் வந்து, குடியிருப்புக்காரர்கள் வாங்கித் தந்திருந்த புது கோல் போஸ்ட்டைத் தனி ஆளாக இழுத்து மைதானத்தின் குறுக்கே போட்டுவிட்டு, எந்தக் கோடியில் நிறுத்தலாம், வெயில் எந்தப் பக்கம் ஏறும் என்று நெற்றியில் கை வைத்துக் கிழக்கே பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார்.